திட்டிவாசல் மனை

சின்னக்கோட்டை,
8-4-1972

தங்கச்சி அம்சத்துக்கு அண்ணன் இராஜாங்கம் எழுதுவது.

இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய். காரியம் இருக்கிறது, எழுதுகிறேன். சுகமா, சௌக்கியமா என்று கேட்டு நடிக்க எனக்கு வராது. அம்மா நன்றாக இருக்கிறது. உன் அண்ணி ராசம்மாள் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வருஷம் ஜூன் பத்தொன்பதாம் தேதி யார் யார் பண்ணை நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருந்தார்களோ, அவர்கள் விவசாயக் கூலிகளாக இருந்தால் அந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறது. பேப்பரில் நீயும் படித்திருப்பாய். நம் தெருவில் ஒன்பது வீடும் சேர்ந்து பாபநாசம் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தோம். விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் கூட வந்தார்கள்.

பண்ணைக்காரர் கோட்டைவீட்டுத் துரைராசு சும்மா இருப்பாரா? ஆட்சேபணை போட்டுவிட்டார். வெள்ளைக்காரன் முதன்முதலாக நிலம் அளந்தபோது எழுதிய பைமாஷ் ஏட்டில் நம் இடத்துக்கு 'திட்டிவாசல் மனை' என்று பெயர் இருக்கிறதாம். அதற்கு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். திட்டிவாசல் என்றால் அவர் வீட்டு வாசலில் இருந்த சின்னக் கதவாம். அதைக் காவல் காக்க அவர் முன்னோர் உட்கார வைத்த ஆட்கள்தான் நாமாம். அதாவது நாம் வீட்டு வேலைக்காரர்கள், கூலி விவசாயிகள் இல்லை, சட்டம் நமக்குச் செல்லாது. எப்படி வேலை செய்கிறது பார் மூளை!

மே பதினெட்டாம் தேதி தாசில்தார் விசாரணை. நாம் தோற்றால் ஒன்பது வீட்டையும் பிரிக்க வேண்டியதுதான். குறுவைக்கு முன்னால் அந்த இடத்தில் ஏர் ஓட்டுவேன் என்று துரைராசு டீக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருக்கிறார்.

உன்னிடம் வேண்டியது ஒரு காகிதம். நீ புலவர் பட்டம் வாங்கியவள், ஹைஸ்கூல் தமிழாசிரியை. அந்தச் சொல் 'திட்டுவாசல்', திட்டு என்றால் மேடு, மேட்டில் இருக்கிற வாசல், ஏட்டில் பிழையாக எழுதியிருக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நம் தெரு ஓரத்தில் அந்தச் செங்கல் மேடு இருக்கிறதே, அது போதும் சாட்சிக்கு.

உனக்கு இந்தத் தெருவில் ஒரு பங்கும் வேண்டாம் என்று அப்பா இறந்த பதினாறாம் நாள் சொல்லிவிட்டுப் போனாய். உனக்காகக் கேட்கவில்லை. அம்மாவுக்காகக் கேட்கிறேன்.

இராஜாங்கம்

*

வேதாரண்யம்,
15-4-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, பாதி வகுப்பில் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா நன்றாக இருக்கிறது என்ற வரியைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. இனிமேல் அந்த வரியை முதலில் எழுதுங்கள்.

நடிக்க வராது என்று மேலே எழுதிவிட்டுக் கீழே என்னை நடிக்கச் சொல்கிறீர்களே, இது என்ன நியாயம்?

அண்ணே, அந்தச் சொல்லில் பிழை இல்லை. அது திட்டிவாசல்தான். பள்ளிக்கூடத்து அகராதியைப் பார்த்தேன். பெரிய கதவுக்குள்ளே இருக்கிற சின்னக் கதவு என்று போட்டிருக்கிறது. கோட்டை வாசலுக்கு இரண்டு பெரிய கதவு இருக்கும். அதைத் திறக்கப் பத்து ஆள் வேண்டும். பொழுது சாய்ந்தால் மூடிவிடுவார்கள், சண்டைக் காலத்தில் திறக்கவே மாட்டார்கள். அதற்காக ஒரு கதவிலேயே ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவு துளை வெட்டி, அதற்கு ஒரு சின்னக் கதவு போடுவார்கள். குதிரை நுழையாது, கூட்டமாகப் பாய முடியாது, வாளை ஓங்கிக்கொண்டு வர முடியாது. ஒவ்வொருவராகத் தலையைக் காட்டித்தான் வரவேண்டும். அதற்குப் பெயர்தான் திட்டிவாசல்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்றும் தேடினேன். மதிலில் விட்ட சிறுவாசலுக்குப் பழைய தமிழில் புழை என்று பெயர். கொல்லைப்புறத்தைப் புழக்கடை என்கிறோமே, அதில் இருப்பது அந்தப் புழைதான். அப்படியானால் திட்டி எப்படி வந்தது? இங்கே பூகோளம் எடுக்கும் வேம்பு டீச்சர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நான் கேட்டதும், "இதென்னங்க அதிசயம், எங்க வீட்டுல சின்ன வாசலைத் திட்டி வாகிலின்னுதான் சொல்லுவோம்" என்றார். தஞ்சாவூரை நாயக்கர்கள் ஆண்டபோது கோட்டையும் கொத்தளமும் கட்ட வந்த ஆட்களோடு இந்தச் சொல்லும் வந்து நம் ஊரில் தங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. திட்டி என்றால் கண், எட்டிப் பார்க்கிற ஓட்டை என்பதால் அந்தப் பெயர் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வேம்பு டீச்சர் வீட்டுப் பேச்சில்தான் மனசு நிற்கிறது. எப்படிப் பார்த்தாலும் மேட்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆகையால் அந்தக் காகிதத்தை நான் எழுத மாட்டேன். கோபப்படுங்கள், பரவாயில்லை. நான் பொய் எழுதி, அந்தப் பக்கத்து வக்கீல் ஓர் அகராதியை மேஜையில் வைத்தால் ஒன்பது வீடும் அன்றைக்கே போய்விடும். அதை யோசித்தீர்களா?

எனக்கு இரண்டு விஷயம் தெரியவேண்டும். துரைராசு வீட்டு முகப்பில் கட்டிய வருஷம் போட்டிருக்குமே, அது என்ன? அந்த மேட்டுக்கு உள்பக்கம் இப்போது என்ன இருக்கிறது? உடனே எழுதுங்கள்.

அம்மாவுக்கு என் நினைவைச் சொல்லுங்கள். அண்ணிக்கும்.

உங்கள் தங்கை
அம்சம்

*

சின்னக்கோட்டை,
21-4-1972

அம்சத்துக்கு,

அம்மா நன்றாக இருக்கிறது. முதல் வரியில் எழுதிவிட்டேன், திருப்திதானே?

பாடம் நடத்தி நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். கேட்டது நான்கு வரி. அதைக் கொடுக்க மனசு வரவில்லை. போகட்டும். உன் காகிதத்துக்குக் காத்திராமல், பாபநாசத்தில் மனு எழுதும் மீரா உசேன் பாயிடம் சொல்லி, திட்டு என்றால் மேடு, அங்கே எந்தக் காலத்திலும் வாசல் இருந்ததில்லை என்று எழுதி, ஒன்பது பேருக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டுத் தாலுகா ஆபீஸில் கொடுத்துவிட்டேன். பாய் மட்டும் பேனாவை மூடிக்கொண்டு, "தம்பி, நிச்சயமாத்தானே சொல்றீங்க?" என்று இரண்டு தரம் கேட்டார். நிச்சயம் என்றேன்.

கோட்டைவீட்டு நெற்றியில் 1911 என்று சுண்ணாம்பில் எழுதியிருக்கிறது. அவர் தாத்தா ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வந்து கட்டியது. மேட்டுக்கு உள்ளே நெற்களமும் வைக்கோற்போரும். வீடு அங்கிருந்து தெற்கே ஒரு பர்லாங் தள்ளி இருப்பது உனக்குத் தெரியாதா? விடுதிச் சோறு தின்று ஊரே மறந்துவிட்டதா?

உன் அகராதியில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும். நம் தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்கிறேன். திட்டு வாங்குகிற வாசல். அதனால் திட்டிவாசல். விடிவதற்குள் அங்கே போய் நிற்க வேண்டும். பண்ணையின் காரியக்காரன் உள்ளே நின்று ஒவ்வொருத்தனாகப் பெயர் சொல்லி, அப்பனையும் ஆத்தாளையும் சேர்த்துத் திட்டிக் கூப்பிடுவான். அப்பா வாங்கியதைக் கேட்டவன் நான். நீ அப்போது பாவாடை கட்டிய குழந்தை. ஐம்பத்திரண்டு புயலில் அந்த வாசல் இடிந்து விழுந்து செங்கல் மேடானபோது எனக்குப் பதினான்கு வயசு. ஊரே தலையில் கைவைத்து அழுதது, எனக்கு மட்டும் உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்தச் சொல்லை அரசாங்க ஆபீஸில் நின்று என் வாயால் ஒப்புக்கொள்ள மாட்டேன். உயிர் போனாலும் மாட்டேன்.

தமிழ் தமிழ் என்று மேடைக்கு மேடை முழங்குகிற ஆட்சியில், ஒரு சொல் வந்து நம் கூரையைப் பிய்க்கிறது. தங்கச்சியே அதற்கு ஏணி வைக்கிறாள். நல்லா இரு.

இராஜாங்கம்

*

வேதாரண்யம்,
6-5-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை இன்னொருத்தர் வாயால் நீங்கள் கேட்கக் கூடாது என்று நானே எழுதுகிறேன்.

நேற்றுப் பள்ளிக்கூடத்துக்குத் துரைராசுவின் வக்கீல் சாரங்கபாணி வந்திருந்தார். விடுமுறை விட்ட பிறகும் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியர் அறையில் உட்கார வைத்து மிக மரியாதையாகப் பேசினார். "நீங்க ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம்மா. திட்டிவாசல்னா என்னன்னு அகராதியில இருக்கிறதைச் சொன்னாப் போதும். அந்தத் தெருவுல பிறந்த நீங்களே சொன்னா மறுபேச்சு இருக்காது" என்றார். எவ்வளவு விவரமாக வலை விரித்திருக்கிறார் பாருங்கள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம் அண்ணே, பதினெட்டாம் தேதி தாலுகா ஆபீஸுக்கு நான் வருகிறேன், அவர்கள் பக்கத்துச் சாட்சியாக. கடிதத்தைக் கிழிப்பதற்கு முன்னால் மீதியையும் படித்துவிடுங்கள்.

நான் வரமாட்டேன் என்றால் அவர் வேறொரு புலவரைக் கூட்டி வருவார். அவர் பாதியைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மீதிப் பாதியைச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? அது என்ன மீதி என்று இதில் எழுத எனக்குத் துணிவு இல்லை. நம் ஊர்த் தபால் கோட்டைவீட்டைத் தாண்டித்தான் நம் தெருவுக்கு வருகிறது. உங்கள் சென்ற உறையும் அந்த வழியாகத்தான் வந்தது; அதன் ஓரத்தை யாரோ பிரித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்த மேட்டுக் கதையை வாபஸ் வாங்கிவிடுங்கள். மீரா உசேன் பாயிடம் போய் இன்னொரு மனு எழுதச் சொல்லுங்கள். வாசல் இருந்தது என்று சொல்லுங்கள். அவமானம் உங்களுக்கு இல்லை. திட்டினவனுக்குத்தான் அவமானம்.

அப்பா திட்டு வாங்கியது எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? பாவாடை கட்டிய குழந்தைக்குக் காது இல்லையா? அதனால்தான் அந்தத் தெருவே வேண்டாம் என்று ஓடினேன். நீங்கள் அதைக் கர்வம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

உங்கள் தங்கை
அம்சம்

*

சின்னக்கோட்டை,
10-5-1972

அம்சம்,

அம்மா நன்றாக இருக்கிறது. உன் கடிதத்தை அதற்குப் படித்துக் காட்டவில்லை. படித்தால் நன்றாக இருக்காது.

கோட்டைவீட்டுச் சாட்சியாக வருகிறாய். சரி. மேளம் வைத்து அழைக்கச் சொல்கிறேன். நம் தெருவில் உன்னோடு நாற்றங்காலில் விளையாடிய ஒன்பது வீட்டுக்காரர்களும் தாழ்வாரத்தில் நிற்பார்கள், ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பாடம் நடத்து.

நான் எதையும் வாபஸ் வாங்கப் போவதில்லை. கொடுத்த மனு கொடுத்ததுதான். எழுதிக் கொடுத்துவிட்டுப் பயந்து மாற்றினான் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

இனி எழுதாதே.

இராஜாங்கம்

*

வேதாரண்யம்,
20-5-1972

அண்ணே,

எழுதாதே என்று சொன்னாலும் எழுதுவேன். நீங்கள் படித்தால் படியுங்கள், இல்லாவிட்டால் அண்ணியிடம் கொடுங்கள். மீரா உசேன் பாய் முகவரிக்கு அனுப்புகிறேன், அவர் கையில் கொடுப்பார்.

நான் உள்ளே போனபோது உங்களையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டார்கள். சாட்சி சொல்கிறவர் பேச்சை அடுத்த சாட்சி கேட்கக் கூடாதாம். நான் வெளியே வரும்போது உங்களை உள்ளே கூப்பிட்டார்கள். நீங்கள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனீர்கள். மன்னார்குடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அதைவிட்டால் வேதாரண்யம் வண்டி கிடைக்காது. அம்மாவைக்கூடப் பார்க்காமல் ஓடிவந்தேன். ஆகையால் நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது. என் பங்கை நான் சொல்லிவிடுகிறேன்.

சாரங்கபாணி எழுந்து, "திட்டிவாசல் என்றால் என்ன?" என்றார். கோட்டைக் கதவில் வைத்த சிறுகதவு என்றேன். "மேடு என்று அர்த்தம் உண்டா?" இல்லை என்றேன். "அவ்வளவுதான் ஐயா, போதும்" என்று தாசில்தாரைப் பார்த்துச் சிரித்தார். துரைராசு பின்னால் உட்கார்ந்து தலையை ஆட்டினார்.

"எனக்குப் போதாதுங்க, நான் இன்னும் முடிக்கலை" என்றேன்.

வக்கீல், "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாச்சும்மா" என்று என்னை உட்காரச் சொன்னார். தாசில்தார் கையைக் காட்டி, "அவங்க முடிக்கட்டும்" என்றார்.

முடித்தேன். திட்டிவாசல் என்பது வீட்டுச் சொல் இல்லை, கோட்டைச் சொல் என்றேன். வீட்டுக்கு இருப்பது தலைவாசல், கொல்லைவாசல், புழக்கடை. குடித்தனக்காரர் வீட்டில் திட்டிவாசல் வைத்ததாக நான் எங்கும் படித்ததில்லை, அந்த அளவுக்குப் பெரிய கதவு வீட்டுக்கு ஏது என்றேன். நாயக்கர் காலத்தில் தெலுங்கு பேசியவர்களோடு வந்த சொல்லாக இருக்கவேண்டும், வருஷத்தைச் சத்தியம் செய்து சொல்ல என்னால் முடியாது, அது என் யூகம் என்றும் சொன்னேன். "ஆனால் யூகம் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன் ஐயா. பைமாஷ் ஏடு எழுதி நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது. இவர் வீட்டு நெற்றியில் 1911 என்று இருக்கிறது. வீடு கட்டுவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே அந்த வீட்டுக்கு வாசல் இருந்ததா? அது கோட்டையின் வாசல். மனைக்கு அந்த வாசலால் பெயர் வந்தது. இவர்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே அந்த மனை இருந்தது" என்றேன்.

தாசில்தார் எழுதுவதை நிறுத்திவிட்டு துரைராசுவைப் பார்த்து, "1911 தானா?" என்றார். ஆமாம் என்று அவர் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன் அண்ணே. ஆனால் சாரங்கபாணி லேசுப்பட்டவர் இல்லை. உடனே, "கோட்டை யாருடையதாகவும் இருக்கட்டும். பிற்காலத்தில் அந்த வாசலை என் கட்சிக்காரர் குடும்பம் உபயோகித்தது. இவர்கள் அதைக் காத்த வேலைக்காரர்கள். இல்லை என்றால் இவர் அண்ணன் வாசலே இல்லை என்று ஏன் பொய் எழுதிக் கொடுக்கவேண்டும்? மறைக்க ஏதோ இருக்கிறது" என்றார். தாசில்தார் உங்கள் மனுவை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அது தப்புங்க" என்று மட்டும் சொன்னேன். "உங்க ஆளுங்க அந்த வாசல்ல என்ன வேலை செஞ்சாங்க?" என்றார். நான் ஆறு வயசில் பார்த்தது, சரியாகச் சொல்ல முடியாது, என் அண்ணனைத்தான் கேட்கவேண்டும் என்றேன்.

அதற்குப் பிறகு உங்களைக் கூப்பிட்டார்கள்.

எல்லாம் உங்கள் ஒரு வாயில் வந்து நிற்கிறது. என்ன சொன்னீர்கள்?

அம்சம்

*

சின்னக்கோட்டை,
15-6-1972

அன்புள்ள அம்சத்துக்கு,

அம்மா நன்றாக இருக்கிறது. நேற்று உத்தரவு வந்தது. ஒன்பது மனையும் நமக்கே.

இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி. இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தினால் இல்லை. உத்தரவு வராமல் எந்த முகத்தோடு எழுதுவது?

அன்றைக்கு நான் உள்ளே போகும்போது நீ எங்களை விற்றுவிட்டாய் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். உன்னைப் பார்க்கவே கூடாது என்று சுவரைப் பார்த்தேன். மூன்று நாளாக மனசில் உரு போட்டு வைத்திருந்தேன். வாசல் இல்லை, மேடுதான், எப்போதும் மேடுதான் என்று.

தாசில்தார் என் மனுவை என் பக்கம் தள்ளினார். "இது உங்க கையெழுத்தா?" என்றார். ஆமாங்க என்றேன். "உங்க தங்கச்சி இது தப்புன்னு சொல்றாங்க. அது கோட்டை வாசல்னு சொல்றாங்க. துரைராசு வீடு வர்றதுக்கு முன்னாலேயே உள்ள வாசல்ங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

அம்சம், அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடிப்பாவி, நீ எங்கள் பக்கம்தான் நின்றிருக்கிறாய்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீஸில் அழுதேன் என்று ஊரில் சொல்லிவிடாதே. மனுவை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன். பிறகு, "நான் எழுதினது பொய்ங்க" என்றேன். சாரங்கபாணி துள்ளி எழுந்தார். தாசில்தார் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, "ஏன் எழுதினீங்க?" என்றார்.

"வெக்கம்ங்க" என்றேன். பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. பத்து வயசிலிருந்து நான் அந்தத் திட்டிவாசலில் நுழைந்திருக்கிறேன் ஐயா, பெரிய கதவு எங்களுக்குத் திறந்ததே இல்லை, கீழே முழங்கால் உயரத்துக்கு வாசற்படிக் கட்டை, மேலே நெற்றிக்கு உத்தரம், தலையைக் குனிந்து ஒரு காலைத் தூக்கி வைத்து நுழையவேண்டும், அந்த நேரத்தில்தான் காரியக்காரன் முதுகில் ஒன்று வைப்பான், திரும்பிக்கொள்ள முடியாது, என் அப்பன் கண்ணுசாமி அப்படித்தான் முப்பது வருஷம் நுழைந்தார் என்று எல்லாம் சொல்லிவிட்டேன். தாசில்தார் எழுதிக்கொண்டே வந்தார்.

"காவல் காத்தீங்களா?" என்று கேட்டார்.

"எங்களை உள்ளே விடுறதுக்கே அவங்க காவல் போட்டிருந்தாங்க. நாங்க எங்கங்க காவல் காக்கிறது? உள்ளே களம்ங்க. கதிர் அடிக்க, தூத்த, வைக்கோல் போர் போடப் போவோம். போர் போட்டுட்டு அதே துளையில வெளியே வருவோம். மத்த நாள்ல நாத்துப் பறிக்க, நட, அறுக்க. வீட்டு வாசப்படிய எங்க ஆளு ஒருத்தன் மிதிச்சதில்லைங்க. மிதிக்க விட்டதில்ல. வீட்டு வேலைக்காரன்னு சொல்றாரே, என்னை எந்த அறையில வேலை வாங்கினாருன்னு அவரையே கேளுங்க" என்றேன்.

தாசில்தார் அவரைக் கேட்டார். துரைராசு வாயைத் திறக்கவில்லை. சொன்னால் எங்களை வீட்டுக்குள் விட்டதாக ஊர் பேசும், சொல்லாவிட்டால் வழக்கு போகும். பாவம், நடுவில் மாட்டிக்கொண்டார். பாவம் என்று சும்மாதான் எழுதினேன், எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

உத்தரவில் உன் பேச்சும் என் பேச்சும் இரண்டும் இருக்கிறது. மீரா உசேன் பாய் வாசித்துக் காட்டினார். 'மேற்படி வாசல் எதிர்மனுதாரர் வீட்டைச் சேர்ந்ததல்ல, களத்துக்குச் செல்லும் வழியாக விவசாயக் கூலிகள் உபயோகித்தது' என்று வருகிறது. அந்த வரியைத் தெருவே இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டது. அம்மா உன்னைக் கேட்கிறது. ராசம்மாள் கேட்கிறாள். நானும்தான்.

அடுத்த மாதம் பட்டா எழுத வருகிறார்களாம்.

உன் அண்ணன்
இராஜாங்கம்

*

வேதாரண்யம்,
20-6-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

வகுப்பிலேயே படித்துவிட்டு வகுப்பிலேயே அழுதேன். நான் ஆபீஸில் அழவில்லை, ஆகையால் நீங்கள் தாராளமாக ஊரில் சொல்லலாம். வேம்பு டீச்சர் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார், அவர் வீட்டுச் சொல்லுக்கும் இதில் பங்கு இருக்கிறதாம்.

அப்பா முதுகில் அடி வாங்கியதை எனக்கு யாரும் சொன்னதில்லை. திட்டு மட்டும்தான் தெரியும். இருபது வருஷமாக அதை நீங்கள் ஒருத்தரே சுமந்தீர்களா?

ஒன்று கேட்கிறேன், சிரிக்கக் கூடாது. பட்டா எழுத வரும்போது நம் மனைக்கு என் பெயரையும் போடச் சொல்லுங்கள். நான் அங்கே வந்து குடியிருக்கப் போவதில்லை, வேலை இங்கேதான். ஆனால் கண்ணுசாமி மகள் அம்சம் என்று அந்தக் காகிதத்தில் இருக்கவேண்டும். எனக்கு அது வேண்டும் அண்ணே. ரொம்ப வேண்டும்.

உங்கள் தங்கை
அம்சம்

*

சின்னக்கோட்டை,
19-7-1972

அன்புள்ள அம்சத்துக்கு,

அம்மா நன்றாக இருக்கிறது.

நேற்றுப் பட்டா எழுத வந்தார்கள். வருவாய் ஆய்வாளரும் இன்னும் இரண்டு பேரும். கட்டிலை வெளியே போட்டு உட்கார வைத்தோம். வரிசையாக ஒவ்வொரு வீடாக எழுதினார்கள். நம் முறை வந்தது. இராஜாங்கம், தகப்பனார் கண்ணுசாமி என்று எழுதினார். தாயார் ராமாயி என்று எழுதினார். "வேற யாராவது உண்டா?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி அம்சம்ங்க. அதையும் எழுதுங்க" என்றேன்.

எழுதப் போனவர் பேனாவை நிறுத்தி, "போன வருஷம் ஜூன் பத்தொன்பதாம் தேதி அவங்க இங்க குடியிருந்தாங்களா?" என்று கேட்டார்.

தெருவே சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் நீ என்ன செய்தாய் என்று தெரியும். ஆமாம் என்று ஒரு வார்த்தை. நான் சொல்லியிருந்தால் ஒன்பது வீடும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கும். பக்கத்து வீட்டு ரெத்தினம் என் தோளைத் தட்டி, "சொல்லுண்ணே" என்றே சொல்லிவிட்டான். ஆய்வாளரும் நல்ல மனுஷன், ஆமாம் என்ற சொல்லுக்குத்தான் காத்திருந்தார்.

"இல்லீங்க. வேதாரண்யத்துல இருந்துச்சு" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். அம்மா என்னோடு பேசவில்லை. ராசம்மாள், "இப்பத்தான் அரிச்சந்திரன் ஆகணுமா?" என்று கேட்டுவிட்டு உலையில் அரிசி போடப் போய்விட்டாள். பட்டா என் கையில் இருக்கிறது. உன்னால் வந்த பட்டா, உன் பெயர் இல்லாத பட்டா. சந்தோஷமும் இருக்கிறது, வயிறும் எரிகிறது.

பொய் சொல்லியிருந்தால் நீ திட்டியிருப்பாயா, அம்சம்? இன்னொரு தரம் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லுவேன் என்று நினைக்கிறேன், ஆனால் இராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நீ வந்து என் முகத்துக்கு நேரே ஏதாவது ஒன்று சொல்.

உன் அண்ணன்
இராஜாங்கம்